மறுப்பு இல்லையேல் ஏற்பு

2003 ஜூன் 9, திங்கள். பினாங்கு

வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை நாளும் ஒரு மயக்கத்தில் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். காற்றெல்லாம் ஈரம். நடந்தால் தூக்கம் வருகிறது, படுத்தால் நடக்கத் தோன்றுகிறது.

அலுவலகம் நான்காவது மாடியில். என் மேஜைக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கடல். எதிர்க்கரைக்கு ஃபெர்ரி போய்வந்துகொண்டே இருக்கிறது. கார், லாரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அது கிளம்புவதைப் பார்த்தால் அது போகிற மாதிரியே இல்லை. நம் கரைதான் மெல்ல விலகிப் போகிற மாதிரி இருக்கிறது. வேலை செய்ய வந்தவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

எப்படி வந்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். கோயம்புத்தூரில் எங்கள் சமையலறை. கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்று, "பினாங்குல நாலு கம்பெனிக் கூட்டணி ஆபீஸ் போடறாங்க. செயலாளரா ஒருத்தர் வேணுமாமா. நம்ம பக்கத்துல இருந்து உன்னய அனுப்பலாம்னு இருக்கறேன், போறியா?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கறிவேப்பிலையை உருவிப் போட்டேன். மறுநாள் என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு டிராவல்ஸுக்குப் போய்விட்டார்.

மௌனம் சம்மதம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்தப் பெரியவர்கள் யாரும் எங்கள் சமையலறையில் நின்று பார்த்தவர்கள் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

மழை. துணி காயவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஜோசபின் அக்கா இந்த ஊர்க்காரர். பினாங்குக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். காலையில் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா?" காலைச் சாப்பாட்டுக்கு இங்குள்ள தமிழர்கள் வைத்திருக்கிற சொல் அது. முதல் நாள் எனக்குப் புரியாமல், "இல்லீங்க, பசியே இல்லீங்க" என்றேன். இழுத்துக்கொண்டு போய் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார்.

இன்று அவருடைய மகளுக்கு நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்று விளக்கச் சொன்னார். நான் திணறியதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "லினக்ஸ்னு கம்ப்யூட்டர ஓட்டுற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. யாரு வேணாலும் எடுத்துத் திருத்தி, சொந்தப் பேரு வெச்சு விக்கலாம். ஊருக்கு ஊரு ஒண்ணு ஆயிப் போச்சு. ஆண்ட்டி ஊர்ல ஒண்ணு, நம்மகிட்ட ஒண்ணு, ஓசாகாவுல ஒண்ணு, தைப்பேயில ஒண்ணு. கணக்கு சாஃப்ட்வேர் விக்கிற பெரிய கம்பெனிக்காரன், நாலுலயும் என்னால சோதிச்சுப் பாக்க முடியாது, ஒண்ணா வாங்க, அப்பத்தான் 'இதுல ஓடும்'னு சான்று தருவேன்கிறான். அதான் நாலு பேரும் ஒரே மாவு அரைக்கிறோம். தோசை அவங்கவங்க ஊத்திக்க வேண்டியது."

நான் இனிமேல் இதையே சொல்லிக்கொள்ளப் போகிறேன்.

மாவு அரைக்கிற வேலை இந்த அறையில் இருக்கிற எட்டு இயந்திரங்களுடையது. என் வேலை வேறு. நான்கு கம்பெனிகளிலிருந்தும் முன்மொழிவுகள் எனக்கு வரும். அதை நான் எல்லாருக்கும் மின்னஞ்சலில் சுற்றுக்கு விட வேண்டும். மூன்று வேலை நாளுக்குள் யாரும் மறுக்காவிட்டால் 'ஏற்கப்பட்டது' என்று எழுதி மூடிவிட வேண்டும். மறுப்பு இல்லையேல் ஏற்பு. இந்த மாதிரி வேலைகளில் உலகம் முழுக்க இதுதான் வழக்கமாம். எல்லாரும் எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தால் எதுவும் நகராது.

செயலாளருக்கு ஓட்டு இல்லை. எனக்கு அது வசதிதான்.

ஜூன் 16, திங்கள்

இன்று காலையில் தொடங்கிய தொகுப்பு, அதாவது அந்த மாவு அரைப்பு, மாலை வரை ஓடியது. திரையில் எழுத்து மேலே போய்க்கொண்டே இருக்கும், நாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மதியம் கண் சொக்கிவிட்டது. கனவில் பொள்ளாச்சிப் பக்கத்துப் பால் சங்கத்து ஆட்கள் கேன்களோடு ஃபெர்ரியில் வரிசையாக நின்றார்கள். நடுவில் மேஜை, மேஜையில் எங்கள் பழைய கம்ப்யூட்டர். பாலை அளந்து, கொழுப்பு பார்த்து, சீட்டு அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் அவசரப்படவில்லை. கடல் தளும்பாமல் இருந்தது. விழித்ததும் ஏனோ அழுகை வந்தது. கோப்பையில் இருந்த காப்பியைக் குடித்தேன், ஆறிப்போயிருந்தது.

எங்கள் லினக்ஸின் பெயர் நொய்யல். பதினோரு வருடத்துக்கு முன் கல்யாணம். அடுத்த இரண்டாம் வருடமே முன்னறையில் ஒரு ஓட்டை கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அவரும் நானும் தொடங்கியது. யாரோ ஏலத்தில் தள்ளிய இயந்திரங்களை வாங்கி வைத்திருக்கிற சங்கங்கள், விசைத்தறிக் கூடங்கள், சின்ன கூட்டுறவு வங்கிகள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். புது சாஃப்ட்வேர் எதுவும் அதில் ஏறாது. நொய்யல் ஏறும். அவர் உள்ளே இருப்பதை எழுதுவார், நான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஏற்றிப் பார்ப்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் நொய்யல்தான் உங்கள் பிள்ளை என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. எனக்கு அந்தப் பேச்சு அறவே பிடிக்காது. பிள்ளை பிள்ளைதான், சாஃப்ட்வேர் சாஃப்ட்வேர்தான்.

ஜூன் 18, புதன்

தைப்பேயிலிருந்து திரு. சென் ஒரு முன்மொழிவு அனுப்பியிருக்கிறார். நாங்கள் சேர்ந்து அரைக்கிற மாவு, அதாவது பொது அடித்தளம், எந்த பிராசஸரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது பற்றி. அவர் குறித்திருப்பது புதிய வகை. அதற்குக் கீழே இருக்கிற எதிலும் ஓடாது. பழைய பென்டியம் போச்சு. அதற்கும் முந்தையவை போயே போச்சு.

அதாவது பால் சங்கம், விசைத்தறி, எல்லாம் போச்சு. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர். இனி எந்தப் பிழைதிருத்தமும் அவர்களுக்குப் போய்ச் சேராது.

வழக்கம்போல 'கீழ்க்காணும் முன்மொழிவு உங்கள் பார்வைக்கு' என்று தட்டச்சு செய்து, அடியில் என் பெயர் போட்டு நான்கு பேருக்கும் அனுப்பினேன்.  வீட்டுக்காரர் ஒரு மணி நேரத்தில் கொதித்து எழுதிவிடுவார், பிரச்சினை இல்லை.

ஜூன் 19, வியாழன்

அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. கரண்ட் போயிருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

ஒன்றும் இல்லை.

மதியம் கடைத்தெருவில் ஒரு கறிவேப்பிலைச் செடி வாங்கினேன். சின்னத் தொட்டி. மூன்று மாதத்துக்கு வந்தவளுக்குச் செடி எதற்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை, நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். இலை கடையில் வாங்கினால் வாடிப்போகிறது, அதனால்தான்.

ஜூன் 22, ஞாயிறு

அவர் போனில் கூப்பிட்டார். கிணற்று மோட்டார் காயில் கருகிவிட்டதாம், வைண்டிங் கட்டக் கொடுத்திருக்கிறாராம். பூனை குட்டி போட்டிருக்கிறது. பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டேன், நன்றாக இருக்கிறது என்றார். மோட்டார் என்றைக்கு வரும் என்று கேட்டேன், புதன் என்றார்.

"அப்பறம்?" என்றார்.

"அப்பறம் ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

"ரிட்டர்ன் டிக்கெட்டு எந்தத் தேதி?"

பார்க்கவில்லை என்றேன். உண்மையிலேயே பார்க்கவில்லை.

அந்த முன்மொழிவைப் பற்றி அவர் பேசவில்லை. அவர் கம்பெனி, அவர்தான் பேச வேண்டும். நான் வெறும் செயலாளர்.

ஜூன் 23, திங்கள்

மாலை ஐந்து வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் மறுக்கவில்லை. 'ஏற்கப்பட்டது' என்று எழுதி அனுப்பினேன்.

ஜூன் 24, செவ்வாய்

அவருக்குக் கூட்டணிதான் பெரிது. அதை நான் முன்பே புரிந்துகொண்டிருக்க வேண்டும். மூன்று நாட்டுக்காரர்களோடு சரிசமமாக உட்கார்ந்தாகிவிட்டது, இனி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பால் கேனுக்குப் பக்கத்தில் குந்துவாரா? பெரிய கணக்கு சாஃப்ட்வேர், பெரிய வங்கி, பெரிய சான்று. நன்றாக வரட்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த முன்னறையில் சாலிடரிங் புகையில் கண் எரிந்து உட்கார்ந்திருந்தது நானும்தான்.

எனக்குக் கோபம். எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

ஜூன் 28, சனி

ஃபெர்ரியில் போனேன். எதிர்க்கரையில் இறங்கவில்லை; அதாவது இறங்கி, சுற்றி வந்து அடுத்ததிலேயே ஏறித் திரும்பினேன். பிறகு இன்னொரு தடவை. மேல்தளத்தில் மர பெஞ்சு. தூறல் விழுந்தது, ஒதுங்கத் தோன்றவில்லை. எங்கே போகிறாய் என்று கேட்க ஆள் இல்லை, எப்போது வருவாய் என்று கேட்கவும் ஆள் இல்லை. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன, எது எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் ஒரு சீனக் கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் செருப்பைக் கழற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்க வேண்டாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

அடித்தது. எடுக்கவில்லை. ரசம் வைத்தேன், இந்த ஊர்ப் புளி கொஞ்சம் இனிக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

புதிய அடித்தளத்தின் முதல் தொகுப்பு வந்துவிட்டது. ஜோசபின் அக்கா கிடங்கிலிருந்து ஒரு பழைய பென்டியத்தைத் தூசி தட்டி எடுத்து வந்தார். "சும்மா போட்டுப் பாப்போம்" என்றார். சிடியைப் போட்டோம். முதல் திரை வந்தது, கீழே ஒரு வரி வந்தது, அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் காத்தாலும் அதே வரி. நான் அந்த இயந்திரத்தின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். சூடாகத்தான் இருந்தது.

"உங்க வீட்டுக்காரரு எப்படி இதுக்கு ஒத்துக்கிட்டாரு? அவரு சத்தம் போடுவாருன்னுல்ல நான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் அக்கா.

"போடலீங்களே. நீங்க ஏன் போடலை? உங்களுக்கும் இங்க ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடமெல்லாம் பழைய மிஷின்தானுங்களே."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாங்க வீட்டுக்காரங்க லா. ஆபீஸ் எங்களுது. வந்த விருந்தாளி ஒண்ணு சொன்னா, மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்றதா? வேற யாராச்சும் சொல்வாங்கன்னு வாய மூடிக்கிட்டிருந்தேன்."

அப்படியானால் அக்காவின் மௌனம் சம்மதம் இல்லை. நான் அதை சம்மதம் என்று எழுதி மூடியிருக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

ஓசாகாவிலிருந்து ஹயாஷி வந்திருக்கிறார், இரண்டு வாரம் இருப்பார். அறுபது வயது இருக்கும். நாற்காலியைக்கூட ஓசைப்படாமல் இழுக்கிறார். மதியச் சாப்பாட்டின்போது, அவர் வாழையிலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, நான் மெதுவாக அந்த முன்மொழிவைப் பற்றிக் கேட்டேன்.

அவர் தண்ணீர் டம்ளரை இலைக்கு நேராக நகர்த்தி வைத்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். "எனக்குச் சம்மதம் என்றால் உடனே 'நன்றி, சம்மதம்' என்று எழுதிவிடுவேன். மற்ற பதினாறு முன்மொழிவுக்கும் எழுதினேன். இதற்கு ஒன்றும் எழுதவில்லை. எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும்."

"விதிப்படி அது ஏற்பு ஆகிவிட்டது" என்றேன்.

"ஆமாம், பார்த்தேன். மிகவும் வருத்தமாக இருந்தது" என்றார். அதை வருத்தமே இல்லாத குரலில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஜூலை 4, வெள்ளி

ஜோசபின் அக்கா தைப்பேக்கே போன் போட்டுவிட்டார். சென்னுக்கு முப்பது வயதுகூட இருக்காது போலிருக்கிறது. முன்மொழிவுப் படிவத்தில் பிராசஸர் என்ற இடத்தைக் காலியாக விட முடியவில்லையாம். ஏதாவது ஒன்றைப் போட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள், அப்போது பேசி முடிவு செய்யலாம் என்று போட்டாராம். யாரும் வரவில்லை. எல்லாருக்கும் இதுதான் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். அவருடைய வாடிக்கையாளர்களிலும் பாதிப் பேர் இப்போது திட்டுகிறார்களாம்.

அக்கா போனை வைத்துவிட்டு மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்தார், தோள் குலுங்கியது. யாருக்குமே வேண்டாத ஒன்றை ஒருமனதாக நிறைவேற்றியிருக்கிறோம். கையெழுத்து என்னுடையது.

நான்காவது ஆள் மட்டும் பாக்கி. அவரை நான் கேட்கவில்லை. அவருடைய மௌனம் எது என்று எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

போன் அடித்தது. எடுத்தேன்.

"போன வாரம் எங்க போயிட்ட?"

"குளிச்சிட்டிருந்தேனுங்க." பொய். பிறகு கேட்டேன். "அந்த பிராசஸர் விஷயம் வந்துச்சுங்களே. ஏனுங்க பதில் போடல?"

 அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது, வைண்டிங் கட்டி வந்துவிட்டது போலிருக்கிறது.

"கீழ உன்ற பேரு இருந்துச்சு" என்றார்.

"அது செயலாளர்ங்கற முறையில போடறதுங்க. எல்லா மெயில்லயும் போடுவேன்."

"இருக்கட்டும். நாலு நாட்டுக்காரன் பாக்கற எடத்துல, உன்ற பேருக்கு அடியில 'முடியாது'ன்னு நான் எழுதோணுமா? ஊட்டுலயே நான் உன்னய எதுத்துப் பேசறதில்ல."

"உங்களுக்குச் சம்மதம்னு நெனச்சேன்."

"எனக்கா? வயிறு எரிஞ்சு போயிக் கெடக்கறேன். உனக்குத்தான் சம்மதம்னு நெனச்சேன். அனுப்புனதும் நீ, முடிச்சதும் நீ. ஞாயித்துக்கெழமை பேசுனப்ப ஒரு வார்த்தை சொன்னியா? பூனையப் பத்திக் கேட்ட, மோட்டாரப் பத்திக் கேட்ட."

"நீங்களும் மோட்டாரப் பத்தித்தானுங்க சொன்னீங்க."

 ஐ.எஸ்.டி. காசு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவர்மேல் இத்தனை பிரியம் வந்து வெகு காலம் ஆகிறது. அதையும் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

விதிகளை மறுபடி படித்தேன். யாரும் சீண்டாத ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு ஏற்பு சரியாகப் பதிவாகவில்லை என்று செயலாளருக்குச் சந்தேகம் வந்தால், கூட்டம் கூட்டி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, வாய் திறந்து பதில் வாங்கலாம். கூட்டத்தை நாளைக்கு வைத்திருக்கிறேன். மத்தியானமே தொண்டை கட்டிவிட்டது, அக்கா தேன் கொடுத்தார்.

ஜூலை 9, புதன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

அறையில் நான், ஜோசபின் அக்கா, ஹயாஷி. நடுவில் ஸ்பீக்கர் போன். அதில் தைப்பேயும் கோயம்புத்தூரும். வெளியே நல்ல மழை, கடல் தெரியவில்லை. இயந்திரங்களை நிறுத்தி வைத்திருந்தோம், அதனால் அறை ரொம்ப அமைதியாக இருந்தது. முதல் நாளிலிருந்து அவை நின்று நான் பார்த்ததில்லை.

முன்மொழிவைப் படித்தேன். பெயர் சொல்லி அழைக்கிறேன், ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள் என்றேன்.

"ஜோசபின்."

"இல்லை." அவர் அதை ஆங்கிலத்தில் ஒரு தரம், மலாயில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் சொன்னார்.

"ஹயாஷி."

அவர் எழுந்து நின்றார். லேசாகத் தலை குனிந்தார். "இல்லை" என்றார். காது மடல் சிவந்துவிட்டது. முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்றோ.

"சென்."

"என் முன்மொழிவுதான், ஆனாலும் இல்லை" என்று போன் சொன்னது.

அடுத்த பெயர். இங்கே எனக்கு நாக்கு எழவில்லை. கல்யாணமானதிலிருந்து நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. சொன்னால் ஆயுசு குறையும் என்றெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை, கம்ப்யூட்டர் படித்தவள். ஆனால் வாய் பழகவில்லை. பேங்கில் கேட்டால் எழுதிக் காட்டுவேன். குறிப்புகளில் 'நொய்யல் தரப்பு' என்று எழுதித் தப்பித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டு மழையைப் பார்த்தார். ஹயாஷிக்குப் புரியவில்லை, மரியாதையாகக் காத்திருந்தார்.

"வெள்ளிங்கிரி" என்றேன்.

 லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு இருமல் கேட்டது.

"இருக்கறேன்" என்றார் தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "இல்லை. எங்கள் ஆட்களிடம் இருப்பது பழைய இயந்திரம். அவர்களை விட்டுவிட்டு எனக்கு எந்தச் சான்றும் வேண்டாம்."

ஏற்பு ரத்து என்று சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். இந்த நான்கு பேரும் இவ்வளவு பேசுவார்கள் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சென்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார், நியாயமான கேள்வி. "வேண்டாம் என்றோம். அப்படியானால் பழைய இயந்திரங்களுக்கான பதிப்பை யார் பார்த்துக்கொள்வது? ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனியாகத் தொகுக்க வேண்டும், சோதிக்க வேண்டும். இயந்திரங்கள் பினாங்கில் இருக்கின்றன. இங்கே ஒரு ஆள் முழு நேரம் உட்கார வேண்டும். இந்த அடித்தளத்தின் ஆயுள் இரண்டு வருடம்." இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். வேண்டாம் என்று சொன்னவர்தான் மாற்று வேலையைச் சுமக்க வேண்டும். யாரும் சுமக்காவிட்டால் மறுப்பு மதிப்பில்லாமல் போகும், பழையபடி சென் எழுதிய வரியே நிற்கும்.

 அக்காவிடம் ஆள் இல்லை. ஹயாஷியிடம் இருக்கிறார்கள், ஆனால் பழைய இயந்திரத்தைத் தொட்டவர்கள் இல்லை. போனில் என் வீட்டுக்காரருடைய மூச்சு கேட்டது. என்னை அனுப்பத் தெரிந்த மனிதர். இப்போது "சுகந்தி இருப்பாள்" என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. சொல்லவில்லை. திரும்பி வா என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தார்.

நான் அந்த மௌனத்துக்கு அர்த்தம் தேடவில்லை.

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

ஜூலை 10, வியாழன்

அவர் காலையிலேயே கூப்பிட்டார். ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. இன்னும் காப்பிகூடக் குடித்திருக்க மாட்டார், அங்கே விடிந்தே இருக்காது.

"நானே இன்னொருக்கா உன்னய அங்க தள்ளுன மாதிரி ஆயிப்போச்சு" என்றார்.

"இல்லீங்க."

"சங்கத்துக்காரங்களுக்காகச் சொன்னியா?"

"அதும்தானுங்க."

"அப்பறம் எதுக்கு?"

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். இதை அவரிடம் சொல்வதற்கு முன் என்னிடமே நான் சொன்னதில்லை. "அன்னிக்கு சமையக்கட்டுல போறியான்னு கேட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல. அது சம்மதமில்லீங்க. எனக்கு வர இஷ்டமே இல்ல. உங்கமேல ஆத்தரமாத்தான் ஃபிளைட் ஏறுனேன்."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"தெரியும். நீ வாயத் தொறந்து சொன்னா அனுப்பக் கூடாதுன்னு இருந்தேன். சொல்லல. எனக்கும் ஆத்தரம்."

 எத்தனை வருடம் இப்படி ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது, பக்கத்தில் இருந்தால் கையைப் பிடித்திருப்பேன்.

"இப்ப சொல்றேனுங்க" என்றேன். "இங்க எனக்குப் புடிச்சிருக்குது. வேலையும் புடிச்சிருக்குது, சும்மா இருக்கறதும் புடிச்சிருக்குது. ரெண்டு வருசம் இங்க இருக்கோணும்னு எனக்கு ஆசையா இருக்குது. சங்கத்துக்காரங்க ஒரு சாக்கு. அவிங்களுக்காகவும் செய்யறேன். எனக்காகவும் செய்யறேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய வழக்கப்படி நான் அதை ஏதாவது ஒன்றாக எழுதிக்கொண்டு போனை வைத்திருப்பேன்.

"என்ன நெனைக்கறீங்க? சொல்லுங்க" என்றேன். காத்திருந்தேன். மறுபடி கேட்டேன்.

"வருத்தமா இருக்குது சுகந்தி" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "ஊடு வெறிச்சுனு கெடக்குது. நீ இருந்தாத் தேவலைன்னு இருக்குது."

பதினோரு வருடத்தில் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன், அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே அழுதேன்.

"வரட்டுமா?" என்று கேட்டேன்.

இந்தத் தடவை அவர் உடனே பதில் சொன்னார்.

"வேண்டாம்" என்றார். "இரு. நான் வர்றேன்."